வண்டித்தடமும் கடல்வழியும்

வேப்பனப்பள்ளியிலிருந்து வடக்கே போனால் கர்நாடகத்தின் கோலார் மாவட்டம். கிழக்கே போனால் ஆந்திரத்தின் குப்பம். தெற்கே இறங்கினால் கிருஷ்ணகிரி. ஒரே கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் விலை பேசும் ஊர் இது. இங்கே விளைந்தவை எந்தக் காலத்திலும் ஊருக்குள்ளேயே தங்கிவிட்டதில்லை. எல்லை தாண்டி விற்பது அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. மாறியது தூரம். அன்று, சரக்கு போய்ச் சேரும் ஊருக்கு அதை விளைவித்தவரும் ஒரு பகலில் போய்த் திரும்ப முடிந்தது. இன்று அதே தோப்பின் பழம் கூழாகி, டிரம்மில் அடைபட்டு, சவூதி அரேபியாவுக்கும் நெதர்லாந்துக்கும் போகிறது.

தூரம் கூடியதற்காக வருந்த வேண்டியதில்லை. தூரத்தோடு பார்வையும் மாறிப்போனதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். அன்று விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்று வாங்குபவருக்கு விற்பவரின் மரம் வரை தெரிகிறது. விற்பவருக்கு வாங்குபவரின் கிடங்கு தெரிவதில்லை. பன்னாட்டு விநியோகச் சங்கிலி என்று பெரிய மேடைகளில் பேசப்படும் விஷயம், இந்த எல்லையோர மண்ணில் இந்த வடிவத்தில்தான் வந்து இறங்கியிருக்கிறது.

பழைய நிலையை முதலில் சொல்ல வேண்டும். 1965 அக்டோபர் 2 அன்று தருமபுரி தனி மாவட்டமாகும் வரை இது சேலம் மாவட்டம். 2004 பிப்ரவரி 9 அன்றுதான் கிருஷ்ணகிரி மாவட்டம் பிறந்தது. மானாவாரி நிலம், ராகி, கொள்ளு, புளி, ஆடு, மா. இவற்றை விற்கப் போகும் இடங்களும் விரல்விட்டு எண்ணக்கூடியவை: கிருஷ்ணகிரி மண்டி, பெங்களூர் மார்க்கெட், கோலார் தங்கவயல், சுற்றுவட்டாரச் சந்தைகள். குந்தாரப்பள்ளியின் வெள்ளிக்கிழமைச் சந்தை இன்றும் கூடுகிறது. மூன்று மாநில வியாபாரிகளும் வந்து ஆடு பிடிக்கிறார்கள். அந்தக் காலத்து வாணிபம் எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள விரும்புபவர், புத்தகத்தைத் தேடாமல் ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் அங்கே போய் நின்றால் போதும். ஆட்டின் பல்லைப் பார்க்கிறார்கள், முதுகைத் தடவிப் பார்க்கிறார்கள், விலை சொல்கிறார்கள், மறுக்கிறார்கள். பிடிக்கவில்லை என்றால் ஆட்டைத் திரும்ப ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அந்தத் திரும்பிப் போகும் உரிமைதான் விற்பவரின் பேரத்துக்குப் பலம்.

உலகத்தோடு தொடர்பே இல்லாத மூலையாக இந்த இடம் இருந்ததில்லை. வடக்கே தங்கவயலில் 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் வெட்டத் தொடங்கியது. இங்கிலாந்திலிருந்து இயந்திரம் வந்தது. தங்கம் லண்டனுக்குப் போனது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். கடல் கடந்த சங்கிலி ஒன்று நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்த வட்டாரத்தைத் தொட்டுவிட்டது. ஆனால் சுற்றுக்கிராமத்து விவசாயிக்குத் தங்கவயல் ஒரு சந்தை. சம்பள நாளில் அங்கே கூட்டம் இருக்கும், காயும் பழமும் விற்கும். லண்டனில் தங்கத்தின் விலை என்ன ஆனாலும், மாம்பழக் கூடையின் விலை சந்தைக்கு வந்த கூடைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அப்போது ஒரு ஊரே வேலை இழந்தது. அதை நம்பியிருந்த சந்தையும் சுருங்கியது. நீண்ட சங்கிலியின் ஒரு முனை அறுந்தால் மறுமுனையில் என்ன நடக்கும் என்பதற்கு இந்த மண்ணில் கிடைத்த முதல் பாடம் அது.

அன்றைய வாழ்வைப் பொற்காலமாகக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. மாம்பழம் பறித்து வைக்கோல் பரப்பிய கூடையில் அடுக்கி, வண்டியில் ஏற்றி, மண்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் அடிக்கூடை நசுங்கிவிடும். ஒரே வாரத்தில் எல்லாத் தோப்பும் பழுத்தால் விலை விழும். விழுந்த விலைக்கும் ஆளில்லாமல் பழம் அழுகும். பூப்பிடிக்கும் பருவத்திலேயே அவசரப் பணத்துக்காகத் தோப்பைக் குத்தகைக்கு விட்டவர்கள், அமோகமாகக் காய்த்த ஆண்டில் வேலிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியிருந்தது. மண்டியில் கமிஷன், எடையில் கழிவு. மழை பொய்த்தால் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவதைத் தவிர வேறு வழி இல்லை. தருமபுரி என்றாலே பின்தங்கிய மாவட்டம் என்று அரசுக் கோப்புகளில் எழுதியது சும்மா அல்ல.

அந்தக் குறைகளில் பெரும்பகுதியைத் தீர்த்தது மாங்கூழ் ஆலை. இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மா சுமார் 35,000 ஹெக்டேரில் பரவியிருக்கிறது. இந்தியாவில் மாங்கூழ் தொழிலுக்கு இரண்டே பெரிய மையங்கள்: ஆந்திரத்தின் சித்தூர், தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி. இரண்டுக்கும் இடையில்தான் வேப்பனப்பள்ளி இருக்கிறது. ஆலைகள் அதிகம் கேட்பது நம் விவசாயிகள் பெங்களூரா என்றும், வடக்கே தோத்தாபுரி என்றும் சொல்லும் கிளிமூக்கு மாங்காயை. தின்பதற்கு அல்போன்சாவின் அருகில்கூட அது வராது. ஆனால் சதை கெட்டி, காய்ப்பு ஒழுங்கு, கூழ் நிறைய. தின்னும் வாய்க்காக நட்ட மரங்களின் இடத்தில் ஆலைக்கான மரங்கள் வந்தன. ஒரு வட்டாரத்தின் தோப்புகளே மெல்ல மெல்ல ஒரு ஆலைப் பொருளுக்கான வயலாக மாறின.

ஆலைக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். விலையின் ரகசியம் அங்கேதான் இருக்கிறது. வந்த காயைப் பழுக்க வைத்து, கழுவி, கொட்டை நீக்கி, சதையை அரைத்து, நாரை வடிகட்டுகிறார்கள். பிறகு கொதிநிலைச் சூட்டில் கிருமி நீக்கி, உடனே குளிர்வித்து, கிருமி நீக்கிய பையில் நிரப்பி, அந்தப் பையை இரும்பு டிரம்முக்குள் இறக்குகிறார்கள். ஒரு டிரம்மில் ஏறக்குறைய 215 கிலோ. இருபதடி கன்டெய்னரில் 80 டிரம். ஒரு டன் கூழுக்கு ஏறக்குறைய இரண்டு டன் பழம் வேண்டும். ஆகவே சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி நம்மைக் கடந்து போனால், முப்பது டன்னுக்கும் மேற்பட்ட பழம், நான்கைந்து ஹெக்டேர் தோப்பின் ஒரு பருவ உழைப்பு, கடந்து போகிறது என்று பொருள். இந்தக் கூழைச் சாதாரணக் கிடங்கிலேயே ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு வைத்திருக்கலாம்.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அன்று மாம்பழம் அழுகும் பொருளாக இருந்தது, விற்பவருக்கும் வாங்குபவருக்கும். மண்டிக்காரர் இன்று வாங்காவிட்டால் நாளை அவரிடம் விற்கச் சரக்கு இல்லை. இருவருக்கும் அவசரம் இருந்ததால் இருவரும் ஏதோ ஒரு புள்ளியில் இறங்கி வந்தார்கள். கூழ் வந்த பிறகு அவசரம் ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதாகிவிட்டது. தோப்பில் தொங்கும் காய்க்கு இன்னும் சில நாள்தான் ஆயுள். கிடங்கில் நிற்கும் டிரம்முக்கு இரண்டு ஆண்டு. போன ஆண்டுக் கூழ் விற்காமல் நின்றால், இந்த ஆண்டுப் பழத்தை வாங்க ஆலைக்கு அவசரமே இல்லை. தோப்பை இந்த ஆண்டு மழையும் வெயிலும் நன்றாகக் காய்க்க வைத்திருக்கலாம். விலையைத் தீர்மானிப்பது போன ஆண்டின் கையிருப்பு. இதை விவசாயி பழம் பறித்து டிராக்டரில் ஏற்றி ஆலை வாசலில் வரிசையில் நிற்கும்போதுதான் தெரிந்துகொள்கிறார். அன்று குந்தாரப்பள்ளியில் ஆட்டைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போக முடிந்ததைப் போல, பழுக்கத் தொடங்கிய பத்து டன் காயை யாரும் திருப்பிக் கொண்டுபோக முடியாது.

எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். ஐரோப்பாவில் வாங்கும் நிறுவனம் கூழின் இனிப்பை பிரிக்ஸ் அளவில் கேட்கிறது. புளிப்பை, நிறத்தை, நாரின் அளவைக் கேட்கிறது. பூச்சிமருந்து எச்சத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் தனி வரம்பு குறிக்கப்படாத மருந்து என்றால், கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் எல்லை. அதற்கு மேல் இருந்தால் சரக்கு திரும்பும். ஆகவே எந்தத் தோப்பிலிருந்து பழம் வந்தது, என்ன மருந்து எப்போது அடித்தார்கள் என்ற கேள்வி ராட்டர்டாமிலிருந்து கிளம்பி, ஏற்றுமதியாளர், ஆலை, மண்டி என்று படிப்படியாக இறங்கி, வேப்பனப்பள்ளித் தோப்புக்காரரின் நோட்டுப் புத்தகம் வரை வருகிறது. இது நல்லது. கண்ட மருந்தையும் அடிக்கும் பழக்கம் குறைந்தால் முதலில் தப்பிப்பவர் அடிப்பவர்தான். ஆனால் கேள்வி ஒரு திசையில் மட்டும் பயணம் செய்கிறது. தோப்புக்காரர் பதிலுக்குக் கேட்க நினைக்கும் கேள்விகள் எளியவை: உங்கள் கிடங்கில் எத்தனை டிரம் நிற்கிறது? இந்த ஆண்டு எத்தனை வேண்டும்? டன்னுக்கு என்ன கொடுக்கிறீர்கள்? அவை ஆலை வாசலைத் தாண்டி மேலே போவதில்லை.

டிரம்கள் தேங்குவதற்கான காரணம் சில நேரம் கடலில் இருக்கிறது. 2023 நவம்பரில் செங்கடலில் யேமனின் ஹவுதிகள் சரக்குக் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினார்கள். பெரிய கப்பல் நிறுவனங்கள் சூயஸ் கால்வாயை விட்டு, ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. பத்து நாளுக்கும் மேல் கூடுதல் பயணம், கூடுதல் எரிபொருள், கூடுதல் காப்பீடு, திரும்பி வராத கன்டெய்னர்கள். இந்திய மாங்கூழை அதிகம் வாங்கும் நாடுகள் பலவும் அந்தக் கடலை ஒட்டியோ அந்தக் கடல் வழியாகவோ இருப்பவை. சவூதி அரேபியா அவற்றில் முதன்மையானது. யேமனே அவற்றில் ஒன்று. போரில் சிக்கிய அந்த நாட்டின் குழந்தைகள் குடிக்கும் மாம்பழச் சாற்றில் நம் எல்லையோரத் தோப்புகளின் பழமும் கலந்திருக்கக்கூடும். அந்தப் போரின் விலையில் ஒரு பங்கு இங்கேயும் வந்து விழுந்தது. ஏற்றுமதி தயங்கியது, டிரம்கள் தேங்கின.

2025-இல் மரங்கள் நன்றாகக் காய்த்தன. ஜூன் மாதம் கிருஷ்ணகிரி ஆலைகளில் பெங்களூரா கிலோ 4, 5 ரூபாய்க்கு இறங்கியது. பறிக்கும் கூலியும் வண்டி வாடகையும் போனால் மிச்சம் ஒன்றுமில்லை. பறிக்காமல் மரத்திலேயே விட்டவர்கள் உண்டு. சாலையில் கொட்டிப் போராடியவர்கள் உண்டு. சித்தூரிலும் இதே நெருக்கடி. அங்கே ஆந்திர அரசு, ஆலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று கிலோவுக்கு 12 ரூபாய் அறிவித்தது. அந்த விலையை நாடி வெளிமாநிலப் பழம் வந்து குவிந்துவிடக் கூடாது என்று, ஜூன் 7 அன்று சித்தூர் மாவட்ட ஆட்சியர் பிற மாநிலத் தோத்தாபுரிக்குத் தடை விதித்தார். எல்லையில் வண்டிகள் நிறுத்தப்பட்டன. கர்நாடக முதல்வர் ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதினார். பிறகு கர்நாடக விவசாயிகளுக்காக, இரண்டரை லட்சம் டன் வரை, குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் என்ற அடிப்படையில் விலை வித்தியாசத்தை ஈடுகட்ட ஒன்றிய அரசு ஒப்புக்கொண்டது. ஒரே மழை, ஒரே மண், ஒரே ரகம். வேப்பனப்பள்ளியிலிருந்து பார்த்தால் மூன்று மாநிலமும் கண்ணுக்கெட்டும் தூரம்; ஆனால் ஒரே காய்க்கு மூன்று நிலவரம்.

எல்லைச் சோதனைச்சாவடி மீண்டும் உயிர்பெற்றதுதான் இதில் எனக்கு மிகவும் உறுத்தியது. 2017 ஜூலை 1-க்கு முன்னால் ஜூஜூவாடியிலும் அத்திப்பள்ளியிலும் வணிகவரிச் சாவடிகளில் லாரிகள் மணிக்கணக்கில் நின்ற காட்சியை ஓசூர்ச் சாலையில் போனவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ரசீது, படிவம், முத்திரை, காத்திருப்பு. ஓட்டுநர்கள் லாரியின் நிழலில் சமைத்துச் சாப்பிடுவார்கள். ஜிஎஸ்டி வந்த அன்று அந்தச் சாவடிகள் எடுக்கப்பட்டன. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் கடக்கும் சரக்குக்கு மின்வழிச் சீட்டு போதும் என்றானது. முன்பு ஒரு இரவு எடுத்த எல்லையை இன்று லாரி வேகம் குறைக்காமல் கடக்கிறது. போக்குவரத்தில் இந்த நாடு செய்த நல்ல காரியங்களில் இது முக்கியமானது. அந்தச் சாலையில் கைபேசியின் உதிரிபாகம் தடையின்றிப் போகிறது; ஸ்கூட்டரின் மோட்டார் போகிறது. எட்டு ஆண்டு கழித்து, மாங்காயை ஏற்றிய டிராக்டர் மட்டும் எல்லையில் நிறுத்தப்பட்டது.

ஆலைப்பொருளுக்கான சாலையை இந்த வட்டாரம் எப்படி அமைத்துக்கொண்டது என்பது தனிக் கதை. 1971-இல் தமிழக அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் நிறுவப்பட்டது. பின்தங்கிய பகுதி என்ற முத்திரையே ஓசூருக்குச் சலுகைகளை வாங்கித் தந்தது. 1980-இல் அங்கிருந்து டிவிஎஸ் 50 வெளியே வந்தது. அசோக் லேலண்டின் ஓசூர் ஆலையும் அதே ஆண்டில் தொடங்கியது. டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் பதிவு செய்த டைட்டன், சில ஆண்டுகளில் ஓசூரில் கடிகாரம் செய்யத் தொடங்கியது. குவார்ட்ஸ் இயந்திரத்துக்கான நுட்பம் பிரான்சிலிருந்து வந்தது. பள்ளிப்படிப்பை முடித்த கிராமத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் மாட்டி உட்கார வைத்தார்கள்.

அந்தக் காலத்தில் ஒரு தொழிற்சாலைக்கு வெளிநாட்டுப் பொருளைத் தருவிப்பது என்றால் முதலில் டெல்லிக்குப் போக வேண்டும். இறக்குமதி உரிமம் வேண்டும், அந்நியச் செலாவணி ஒதுக்கீடு வேண்டும். உரிமம் எப்போது வரும் என்று தெரியாததால் வந்ததை மாதக்கணக்கில் ஸ்டோர்ஸில் அடுக்கி வைத்தார்கள். பெங்களூரில் நாட்டின் முதல் உள்நாட்டுக் கன்டெய்னர் முனையம் 1981-இல் தொடங்கியது. சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னருக்கென்றே தனி முனையம் 1983 டிசம்பரில் வந்தது. அதுவரை பெரும்பாலும் பெட்டி பெட்டியாக, மூட்டை மூட்டையாக ஆள் கையால் ஏற்றி இறக்கினார்கள். இன்று ஸ்டோர்ஸ் சுருங்கிவிட்டது. இன்று மதியம் பூட்ட வேண்டிய உதிரிபாகம் இன்று காலைதான் வாசலுக்கு வருகிறது. தேக்கி வைக்கும் செலவு மிச்சம். அந்தச் சேமிப்பில்தான் விலைக் குறைப்பும் போட்டித்திறனும் நிற்கின்றன. அதற்கு ஈடாக, முன்பு ஸ்டோர்ஸ் தாங்கிய அதிர்ச்சியை இப்போது நேராகத் தொழிலாளியின் ஷிப்டு தாங்குகிறது. 2020 மார்ச் ஊரடங்கு, 2021-இன் சிப் தட்டுப்பாடு, 2025 ஏப்ரலில் அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குச் சீனா விதித்த கட்டுப்பாடு என ஒவ்வொரு முறையும் ஓசூர் கலங்கியது. மின்சார ஸ்கூட்டரின் மோட்டாருக்கு அந்தக் காந்தம் வேண்டும். ஏத்தரும் டிவிஎஸ்ஸும் மின்சார ஸ்கூட்டர் செய்வது இங்கேதான்.

1990களின் நடுவில் நடந்த ஒன்றை இங்கே நினைவுபடுத்த வேண்டும். டைட்டன், மைராடா தொண்டு நிறுவனத்தின் துணையோடு, கடிகாரச் சங்கிலிப் பட்டைகளைக் கோக்கும் வேலையைச் சுற்றுவட்டாரப் பெண்கள் குழுக்களிடம் விட்டது. பிறகு அந்தப் பெண்களே பங்குதாரர்களாக, மெடோ என்ற பெயரில் ஒரு நிறுவனம் உருவானது. வேலை கொடுக்கும் ஆலை பஸ் தூரத்தில் இருந்தது. தரம் ஏன் தள்ளுபடி ஆனது என்று நேரில் போய்க் கேட்க முடிந்தது. ஒரு பட்டைக்கு என்ன கூலி என்பதை அந்தப் பெண்கள் உட்கார்ந்து பேசினார்கள். சங்கிலியில் முதல் கண்ணியாக இருப்பவருக்கும் கடைசிக் கண்ணி தெரிந்தால் பேரம் எப்படி நடக்கும் என்பதற்கு இதைவிட அருகில் வேறு சான்று எனக்குத் தெரியவில்லை.

இன்று அளவே வேறு. உத்தனப்பள்ளிப் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலை ஐபோனின் புறக்கூட்டைச் செய்கிறது. எல்லைக்கு அப்பால், கோலார் மாவட்டத்தின் நரசாபுராவில், விஸ்ட்ரான் நடத்திய ஐபோன் ஆலையை 2023-இல் டாடா வாங்கியது. போச்சம்பள்ளி அருகே ஓலாவின் 500 ஏக்கர் ஸ்கூட்டர் ஆலை. வேப்பனப்பள்ளிக்குத் தெற்கே, நெடுஞ்சாலையோரத்துக் குருபரப்பள்ளியிலேயே, தைவானின் டெல்டா எலக்ட்ரானிக்ஸ் வந்துவிட்டது. இருள் பிரியும் முன் கிராமத்து நிறுத்தங்களில் கம்பெனி பஸ் நிற்கிறது. சீருடையும் அடையாள அட்டையும் அணிந்து ஏறுபவர்களில் பெரும்பகுதி இளம்பெண்கள். சிலர் இந்த ஊர். பலர் தென்மாவட்டம், வடமாநிலம். கழனிக்கூலியை மட்டுமே அறிந்த வீடுகளில் மாதச் சம்பளம், வைப்புநிதி, வங்கிக் கணக்கு. படிப்பை நிறுத்திவிட்டுப் பதினாறு வயதில் கல்யாணம் என்பதற்கு எதிராக ஒரு பெண் காட்டக்கூடிய சம்பளச் சீட்டு. இந்த ஆதாயத்தைக் குறைத்துச் சொல்லும் உரிமை, அந்த வீடுகளில் வாழாத எவருக்கும் கிடையாது.

இருந்தாலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. டைட்டனில் வேலை செய்தவர், தாம் பூட்டிய கடிகாரத்தை ஊர்க் கடையில் காட்டி "இது நாங்க செஞ்சது" என்று சொல்ல முடிந்தது. லேலண்டில் வேலை செய்தவர் தம் ஊருக்கு வந்த பஸ்ஸைக் காட்டினார். இன்று ஒரு கூட்டின் ஒரு விளிம்பை மெருகேற்றும் பெண்ணுக்கு, அது எந்த நாட்டில் எந்தக் கையில் போய்ச் சேரும் என்று அறிய வழியில்லை. 2024 செப்டம்பர் 28 அன்று உத்தனப்பள்ளி ஆலையில் தீப்பிடித்து உற்பத்தி நின்றபோது, பண்டிகைக்காலத்தில் ஐபோன் கிடைக்குமா என்று உலகப் பத்திரிகைகள் கணக்குப் போட்டன. ஓசூரைச் சுற்றியுள்ள ஒரு கூரையின் கீழ் நடப்பது அந்த அளவுக்கு உலகுக்கு முக்கியமாகிவிட்டது. அந்தக் கூரையின் கீழ் நிற்பவருக்கு அந்த முக்கியத்துவத்தில் என்ன பங்கு என்று எந்தப் பத்திரிகையும் கேட்கவில்லை.

ஆலைத் தொழிலாளிக்காவது மாதக் கடைசியில் குறித்த சம்பளம் உண்டு. உலகச் சந்தை ஏறினாலும் இறங்கினாலும் அந்த மாதத்துக்கு அது மாறாது. தோப்புக்காரருக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. சங்கிலியில் முதலீட்டின் நஷ்டம் முழுவதையும் தாங்குபவரும், சங்கிலியைப் பற்றி மிகக் குறைவாக அறிந்தவரும் ஒருவராகவே இருக்கிறார். இதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. தெரியாதவர்தான் மலிவாக விற்பார். தகவலைப் பூட்டி வைப்பதில் மற்றவர்களுக்கு ஆதாயம் இருக்கிறது.

பழைய மண்டிக்குத் திரும்புவோம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. சொன்னால் கேட்கவும் கூடாது. அழுகிய பழத்தைக் குழி தோண்டிப் புதைத்த ஆண்டுகளை நினைவில் வைத்திருப்பவர்கள் ஆலையை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். கூழ் இல்லாவிட்டால் 35,000 ஹெக்டேர் மாவைத் தின்று தீர்க்க நம் ஊர்களுக்கு வாய் போதாது. வேண்டியது, சங்கிலியின் இந்த முனைக்கும் கண்.

அதற்கு முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. கரும்புக்கு ஒன்றிய அரசு பருவத்துக்கு முன்பே குறைந்தபட்ச விலையை அறிவிக்கிறது. சர்க்கரை ஆலைகள் தங்கள் கையிருப்பை மாதந்தோறும் அரசுக்குக் கணக்குக் காட்டுகின்றன. எத்தனை லட்சம் டன் சர்க்கரை நாட்டில் நிற்கிறது என்பதைச் செய்தித்தாள் படிப்பவர் எவரும் அறியலாம். கரும்பு விவசாயியின் துயரங்கள் வேறு. நிலுவைத் தொகைக்காக அவர் ஆண்டுக்கணக்கில் அலைவது தெரிந்ததே. ஆனாலும் என்ன விலை என்று தெரியாமல் அவர் கரும்பு வெட்டுவதில்லை. மாவுக்கு அப்படி ஆதார விலையும் இல்லை. விழுந்த பிறகு, ஆண்டுக்கு ஒரு மாதிரி, மாநிலத்துக்கு ஒரு மாதிரி அறிவிக்கும் நிவாரணம்தான் இருக்கிறது.

கிருஷ்ணகிரி மாவட்ட நிர்வாகம், மாவட்டத்தின் மாங்கூழ் ஆலைகள் ஒவ்வொன்றிலும் போன பருவத்தின் டிரம் எத்தனை மிச்சம் நிற்கிறது, இந்தப் பருவத்தில் எத்தனை டன் பழம் எடுக்கப் போகிறது என்பதைக் கேட்டு வாங்கி, ஊராட்சி அலுவலகங்களில் ஒட்ட வேண்டும். ஏற்றுமதியான கூழுக்கு டன்னுக்கு என்ன விலை கிடைத்தது என்பதையும் அதனோடு சேர்க்க வேண்டும். தோப்புக்காரரின் மருந்துக் கணக்கைக் கேட்கும் ஆலை, தன் கையிருப்புக் கணக்கைக் காட்டத் தயங்குவதில் நியாயம் இல்லை. மூன்று மாநில அரசுகளும் பருவத்துக்கு முன் ஒருமுறை உட்கார்ந்து ஒரே விலையை முடிவுசெய்தால், எல்லையில் டிராக்டரை மறிக்க வேண்டிய தேவையும் எழாது. விவசாயிகளும் கையிருப்பு தெரிந்தால், எந்தத் தோப்பை எந்த வாரம் பறிப்பது, எதை உள்ளூர் மண்டிக்கு அனுப்புவது, எந்த மரத்தில் வேறு ரகத்தை ஒட்டுக் கட்டுவது என்று முடிவெடுக்க முடியும்.

பெங்களூராவின் அறுவடை மே மாதக் கடைசியில் சூடுபிடிக்கிறது. கையிருப்புக் கணக்கு ஏப்ரலிலேயே ஒவ்வொரு ஆலையின் பேரேட்டிலும் இருக்கிறது. வரும் ஏப்ரலில், தோப்புக்காரர்களும் அவர்களின் சங்கங்களும் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாள் கூட்டத்தில் விலையைப் பற்றிக் கேட்பதற்கு முன், அந்தக் கணக்கைக் கேளுங்கள்.